இடக்கையும் ரேந்தையும்

சாரற்காலத்தில் குற்றாலம் செல்வோர், ஐந்தருவியின் நீர் பாறையிற் பட்டுச் சிதறி வெள்ளிய இழைகளாய் வீழ்தலைக் காண்பர். இழைகளுக்கு இடையே கரும்பாறை தோன்றும். அவ்விடைவெளி இல்லையாயின் அவ்வழகும் இல்லை. நூலால் அமையும் ரேந்தைக்கும் இதுவே இலக்கணம். துணியில் துளை விழுந்தால் அது குறை. ரேந்தையிலோ துளையே அணி.

ரேந்தை என்பது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். தென்காசி 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன் அஃது அடங்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில் இடையன்குடி என்னும் ஊர் உளது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு ரேந்தைப் பின்னல் பயிற்றினார். 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்த அவர் மகளார் எலைசா அம்மையார், அக்கலையை இடையன்குடியில் பரப்பினார். ஏழை மகளிர் பலர்க்கு அது பிழைப்புக்கு வழியாயிற்று.

அவர்கள் பயின்றது திண்டின்மேல் பின்னும் முறை. குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இணையிணையாக மாற்றிப் பின்னுவர். இரு கைகளும் ஒத்து உழைப்பதால், இடக்கைப் பழக்கமுடையார்க்கு அதில் இடர் மிகுதியில்லை.

இரண்டு நீண்ட ஊசிகளால் பின்னும் ரேந்தையிலேதான் அவர்க்குச் சிக்கல் எழும். அதன் நுட்பம் எளிது. நூலை ஊசிமேல் ஒருமுறை வளைத்தால் துளையும் புதிய கண்ணியும் உண்டாகும். கண்ணிகள் பெருகிப் பின்னல் அகன்றுவிடாதிருக்க, வேறோரிடத்தில் இரு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்குவர். சேர்க்கும் விதத்திற்கேற்ப அக்கண்ணி வலமாகவோ இடமாகவோ சாயும். அச்சாய்வே இலையும் கொடியுமாக உருப்பெறும்.

வலக்கையர் இடப்புற ஊசியிலுள்ள கண்ணிகளை வலப்புற ஊசிக்கு மாற்றுவர். இடக்கையர் இதற்கு மறுதலையாகச் செய்வர். ஆதலின் சாய்வும் மாறும். அவர்க்கு இருவழிகள் உள. நூலிற் கூறிய வரிசையை அவ்வாறே பின்பற்றினால், உரு முழுவதும் கண்ணாடியிற் கண்டாற்போல் இடம் வலமாகத் திரும்பும், அது பிழையன்று. உரு திரும்பலாகாது எனின், முன்புற வரிசைகளை இடமிருந்து படித்து, வலச்சாய்வுக்குரிய சேர்ப்பையும் இடச்சாய்வுக்குரிய சேர்ப்பையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளல் வேண்டும். இருவழிகளையும் கலந்தாற் பின்னல் கெடும்.

கற்பிப்போர்க்கும் ஒரு வழி உண்டு. வலக்கைப் பிள்ளையை அருகிலும் இடக்கைப் பிள்ளையை எதிரிலும் இருத்துக. எதிரே இருப்பவளுக்கு ஆசிரியரின் கைகள் கண்ணாடி போல் உதவும்.

சோற்றுக்கை வலக்கையே என்பது நம் வழக்கம். அவ்வழக்கத்தைத் தொழிலிலும் புகுத்தி, “கையை மாற்று” என அதட்டினால், பிள்ளை தன் கையின் இயல்பையே குற்றமென எண்ணி ஊசியைக் கீழே வைத்துவிடும். மாற்ற வேண்டுவது பிள்ளையின் கையன்று. கற்பிப்பவர் அமரும் இடமே.