மூக்கு வளைவு: வெளியே தெரிவதும் உள்ளே மறைந்திருப்பதும்

மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பலர் தோற்றக் குறையாக மட்டுமே கருதுகின்றனர். மருத்துவர் முதலில் அறிய விரும்புவது, மூச்சு தடையின்றிச் செல்கிறதா என்பதையே. வெளியே நேராகத் தெரியும் மூக்கினுள் பெரிய வளைவு இருக்கலாம். வெளியே வளைந்த மூக்கின் வழியே மூச்சு சீராகச் செல்லவும் கூடும்.

மூக்கின் அமைப்பு

மூக்கின் மேல்பகுதி எலும்பால் ஆனது. நடுப்பகுதியும் நுனியும் குருத்தெலும்பால் ஆனவை. இரு நாசிகளையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதி குருத்தெலும்பாகவும் பின்பகுதி எலும்பாகவும் உள்ளன. கூரையைத் தாங்கும் தூணைப் போன்றது இச்சுவர். இது சாய்ந்தால் வெளித்தோற்றமும் பெரும்பாலும் சாயும்.

காரணங்கள்

அடிபடுதலே முதன்மைக் காரணம்: வாகன விபத்து, விளையாட்டு, தவறி விழுதல். சிறு வயதில் பட்டு மறந்துபோன அடிகூட, வளரிளம் பருவத்தில் மூக்கு வளரும்போது வளைவாக வெளிப்படலாம். சிலருக்கு இது பிறவியிலேயே அமைகிறது. பிரசவத்தின்போது ஏற்படும் அழுத்தமும் உதட்டுப் பிளவும் காரணமாகலாம். நடுச்சுவரில் சீழ் பிடித்தல், முன்பு செய்த அறுவை சிகிச்சை, அரிதாகக் கட்டி ஆகியவையும் மூக்கின் வடிவத்தை மாற்றக்கூடும்.

வகைகள்

1. நேர்ச்சாய்வு: மூக்கு முழுவதும் வளையாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும்.
2. பிறை வளைவு: மூக்குத்தண்டு ஒரு பக்கமாகப் பிறைபோல் வளைந்திருக்கும்.
3. இரட்டை வளைவு: மேலே ஒரு பக்கமும் கீழே மறுபக்கமும் வளைந்திருக்கும்.

வளைவு எலும்பிலா, குருத்தெலும்பிலா, இரண்டிலுமா என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும்.

கண்டறியும் முறை

முதலில், அடைப்பு எப்போதும் ஒரே பக்கம்தானா என்று கேட்போம். சில மணி நேரத்திற்கு ஒருமுறை அடைப்பு பக்கம் மாறுவது இயல்பான ஒன்று. எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தால் நடுச்சுவர் வளைவை ஐயுறலாம். தும்மலும் அரிப்பும் சேர்ந்திருந்தால் ஒவ்வாமையையும் ஆராய வேண்டும்.

பின்னர் மூக்கை முன்னிருந்தும் பக்கவாட்டிலும் கீழிருந்தும் பார்த்து, விரல்களால் தொட்டுச் சோதிப்போம். உட்புறத்தை விளக்கொளியிலும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப் கருவியாலும் காண்போம். சாதாரண எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. சைனஸ் நோயோ முகத்தில் வேறு எலும்பு முறிவோ இருக்கலாம் எனத் தோன்றினால் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும்.

அடிபட்டால் தாமதம் கூடாது

அடிபட்டவுடன் ஏற்படும் வீக்கம் வளைவை மறைத்துவிடும். ஆகவே முதல் நாள் பரிசோதித்த பின்னரும் 3 முதல் 5 நாட்களுக்குள் மீண்டும் காட்ட வேண்டும். விலகிய எலும்பைப் பெரியவர்களுக்குப் பொதுவாக 2 வாரங்களுக்குள் எளிதாக நேராக்கலாம். குழந்தைகளுக்கு எலும்பு விரைவில் கூடிவிடுவதால் ஏறத்தாழ 1 வாரமே அவகாசம்.

கீழ்க்கண்ட அறிகுறிகள் இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்:

• அடிபட்டபின் மூக்கு முற்றிலும் அடைத்துக்கொள்ளுதல், கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல். நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருக்கலாம். குருத்தெலும்புக்குத் தனி இரத்தக் குழாய்கள் இல்லை. மேலுறையிலிருந்தே ஊட்டம் பெறுகிறது. இரத்தக் கட்டு அதைப் பிரித்துவிட்டால் சில நாட்களில் குருத்தெலும்பு அழிந்து, மூக்குத்தண்டு உள்வாங்கிவிடும்.
• நீர்போன்ற தெளிந்த திரவம் மூக்கிலிருந்து சொட்டுதல். இது மூளையைச் சூழ்ந்துள்ள நீரின் கசிவாக இருக்கலாம்.
• நிற்காத இரத்தக்கசிவு, பார்வைக் குறைபாடு, மயக்கம்.

தொல்லை தராத பழைய வளைவுக்குச் சிகிச்சை கட்டாயமன்று. மூச்சுத்தடை இருப்பின் நடுச்சுவரை அறுவை சிகிச்சையால் சீராக்கலாம். வெளிவடிவத்தைத் திருத்துவதைப் பொதுவாக முக வளர்ச்சி முடிந்த பின்னரே மேற்கொள்கிறோம். அடைப்பு நீக்கும் சொட்டு மருந்துகளை மருத்துவர் அறிவுரையின்றி நாள்கணக்கில் தொடர வேண்டாம். அவையே அடைப்பைக் கூட்டிவிடும்.

பரிசோதனைக்கு வரும்போது அடிபடுவதற்கு முன் எடுத்த புகைப்படம் ஒன்றைக் கொண்டுவாருங்கள். வளைவு புதியதா, பழையதா என்பதை அறிய அது பெரிதும் துணைபுரியும்.