நீரும் நெல்லும் நுண்மியும்

நுழையும்முன்

வயலில் தேங்கும் நீர் நெல்லை வளர்க்கிறது. அதே நீர் கொசுவையும் வளர்க்கிறது. உணவும் நோயும் ஒரே நிலத்தில் பிறக்கும்போது ஒன்றைக் காத்து மற்றொன்றைத் தடுப்பது எவ்வாறு? மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் இவ்வினாவுக்கு விடைதேடிய அறிவியலாளர்களின் பணியை இப்பாடம் விளக்குகிறது.

நோயும் அதன் சுழற்சியும்

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஒரு தீநுண்மியால் உண்டாவது. இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் முதன்முதலாக 1955ஆம் ஆண்டு வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. தொற்று ஏற்பட்டோரில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. அவ்வாறு கடுமையான நோய்க்கு ஆளாவோரில் 100க்கு 30 பேர்வரை இறக்கக்கூடும். பிழைத்தவர் பலருக்கும் வலிப்பு, கைகால் செயலிழப்பு, பேச்சுக்குறை ஆகியவை நிலைத்துவிடுகின்றன. பெரிதும் பாதிக்கப்படுவோர் குழந்தைகளே.

இத்தீநுண்மியின் இயற்கை உறைவிடம் மனிதர் அல்லர். கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளும் பன்றிகளுமே. அவற்றின் குருதியை உண்ணும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் நுண்மியைச் சுமந்து சென்று மனிதரிடம் சேர்க்கின்றன. இக்கொசுக்கள் முட்டையிடும் முதன்மையான இடம் நெல்வயல்.

வட ஆர்க்காட்டிலிருந்து மதுரைக்கு

வட ஆர்க்காடு மாவட்டக் கொசுக்களை விரிவாக ஆராய்ந்தவர் ரேச்சல் ரூபன். அவருடைய ஆய்வுக் கட்டுரைத் தொடர் 1971இல் வெளிவந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985இல் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தை நிறுவியபின், அதன் தொடக்கக் காலப் பணிகளுக்கு அவர் தலைமையேற்றார். ஒன்றுபோலவே தோன்றும் கியூலெக்ஸ் சிற்றினங்களைப் பிரித்தறிய உதவும் விளக்கப்படக் கையேட்டை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்டனர். எந்தக் கொசு நோயைப் பரப்புகிறது என்று தெரியாமல் எந்தக் கொசுவையும் கட்டுப்படுத்த இயலாது. ஆகவே, இனங்காணலே முதற்படியாயிற்று.

கொசுவுக்குள் நுண்மியைத் தேடுதல்

பிடிக்கப்பட்ட கொசுவில் நுண்மி உள்ளதா என்பதை அறிய மதுரை ஆய்வாளர்கள் மற்றொரு கொசுவையே கருவியாக்கினர். மாட்டுத்தொழுவங்களை அடுத்து அந்திப்பொழுதில் பிடித்த கொசுக்களை இனவாரியாகப் பிரித்து அரைத்து, அச்சாற்றை டாக்சோரின்கைட்டிஸ் என்னும் பெருங்கொசுவின் உடலில் செலுத்தினர். சாற்றில் நுண்மி இருந்தால் அது பெருங்கொசுவின் உடலில் பல்கிப் பெருகும். சில நாள்களுக்குப்பின் அதன் தலைப்பகுதித் திசுவை ஒளிரும் சாயம் பிணைத்த எதிர்ப்பொருளால் சோதித்தால் நுண்மி இருப்பது வெளிப்படும்.

தெரிந்து தெளிவோம்

டாக்சோரின்கைட்டிஸ் கொசு குருதி குடிப்பதில்லை, பூந்தேனையே உண்கிறது. ஆய்வகத்திலிருந்து தப்பினாலும் எவரையும் கடிக்காது. அதன் புழுக்கள் பிற கொசுக்களின் புழுக்களை இரையாக்குகின்றன.

வயலிலேயே தீர்வு

நோய்க்கு அஞ்சி நெல்லைக் கைவிட இயலாது. எனவே, விளைச்சல் குறையாமல் கொசுவைக் குறைக்கும் வழிகளை மதுரை ஆய்வாளர்கள் வயல்களில் சோதித்தனர். முட்டை பொரித்துப் புழுவாகிக் கூட்டுப்புழுவாகி முழுக்கொசுவாக ஒரு வாரத்திற்கு மேல் நீர் வேண்டும். இடையில் வயலை உலரவிட்டால் புழுக்கள் மடியும். உழவர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' எனக் கூறும் நீர்ப்பாசன முறையே இதற்கு அடிப்படை. இம்முறையோடு வேப்பம்பிண்ணாக்கு கலந்த யூரியாவை இட்டபோது கொசுப்புழுக்கள் குறைந்தன. அசோலா என்னும் நீர்ப்பெரணி நீர்ப்பரப்பைப் போர்த்திக் கொசுப்பெருக்கத்தைத் தடுக்குமா என்பதும் ஆராயப்பட்டது.

எனினும், இவ்வழியில் இடர்களும் உண்டு. வயல் சமமாக இல்லையெனில் பள்ளங்களிலும் கால்தடங்களிலும் நீர் எஞ்சும். அங்கே புழுக்கள் பிழைத்துக்கொள்ளும். அடுத்த முறை நீர் உரிய நாளில் வந்துசேரும் என்னும் உறுதி இல்லாத உழவர், இருக்கும் நீரை வடிக்கத் தயங்குவர். ஆகவே, ஆய்வகத்தின் முடிவு வயலில் நிறைவேறப் பாசன நிருவாகமும் உழவரும் ஒன்றிணைய வேண்டும்.

தடுப்பூசியும் அதன் எல்லையும்

இந்தியாவில் 2006 முதல் நோய் மிகுந்த மாவட்டங்களில் குழந்தைகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி போடப்படுகிறது. பின்னர் 2013இல், கர்நாடகத்தின் கோலார்ப் பகுதியில் கிடைத்த நுண்மி வகையைக் கொண்டு உருவான இந்தியத் தடுப்பூசியும் வந்தது. தடுப்பூசி குழந்தையைக் காக்கும். ஆனால், பறவையிடமும் பன்றியிடமும் வாழும் நுண்மியை அது ஒழிக்காது. தடுப்பூசி பெறாத ஒரு குழந்தைக்கு, ஊரில் மற்ற அனைவரும் அதைப் பெற்றிருந்தாலும் காப்பு இல்லை. எனவே, ஒவ்வொரு குழந்தைக்கும் தடுப்பூசி சென்று சேர்வதும், வயலில் கொசுவைத் தொடர்ந்து கண்காணிப்பதும் ஒருங்கே நடைபெற வேண்டிய கடமைகளாகின்றன.