மரநிழலில் மணி பிளாண்ட்

தென்னை, மா மரங்களின் நிழலில் வேறு பயிர் சரிவர விளையாத இடம் பல தோட்டங்களில் உண்டு. அங்கே மணி பிளாண்ட் என்னும் அழகு இலைக் கொடியைத் தொட்டிகளில் வளர்த்து உபரி வருமானம் பெறலாம். சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த இக்கொடியின் தாயகம் பசிபிக் கடலிலுள்ள மூரியா தீவு.

கன்று தயாரித்தல்

நோயற்ற கொடியிலிருந்து, ஒவ்வொன்றிலும் 2 கணுக்களும் ஓர் இலையும் இருக்குமாறு துண்டுகள் வெட்ட வேண்டும். வேர் கணுவிலிருந்துதான் கிளம்பும். கணு இல்லாத துண்டை நட்டுப் பயனில்லை. செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து, அடியில் துளையிட்ட பைகளில் நிரப்ப வேண்டும். ஒரு கணு மண்ணுக்குள் இருக்குமாறு நட்டால் 3 அல்லது 4 வாரங்களில் வேர் பிடிக்கும். ஒரு தொட்டிக்கு 3 துண்டுகள் வைத்தால் செடி அடர்த்தியாகத் தெரியும். கொடி நீண்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும்.

ஒளியும் நீரும்

நேரடி உச்சிவெயில் பட்டால் இலை கருகும். நிழல் மிகுந்துவிட்டாலோ இலையிலுள்ள மஞ்சள் வரி மங்கி, விலை குறையும். எனவே இலைகளின் ஊடே ஒளி விழும் இடமே ஏற்றது.

இக்கொடி நீரின்றி மடிவதைவிட, நீர் மிகுந்து அழுகி மடிவதே அதிகம். மேல்மண் ஓர் அங்குல ஆழத்துக்குக் காய்ந்த பிறகே நீர் விட வேண்டும். அடியிலைகள் மஞ்சளாகித் தண்டு கறுத்தால் அது வேரழுகல். அத்தொட்டியை உடனே அகற்றி, நல்ல நுனித் துண்டை மட்டும் புது மண்ணில் நடலாம். மாவுப்பூச்சி தென்பட்டால், லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

எச்சரிக்கை

இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உள்ளன. மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். ஆடு, கன்றுகள், சிறு குழந்தைகள் எட்டாத இடத்தில் வளர்க்க வேண்டும். கழித்த துண்டுகளை வாய்க்கால் ஓரம் வீசினால் வேர்விட்டுக் களையாகப் படரும். வெயிலில் நன்கு உலர்த்தி அழிக்க வேண்டும்.

விற்பனை

ஒரு துண்டு கிடைத்தால் எவரும் வளர்த்துவிடலாம் என்பதால் வெறும் கன்றுக்கு நல்ல விலை கிடைப்பது அரிது. அடர்ந்து வளர்ந்த தொட்டிக்கே மதிப்பு. ஆகவே அருகிலுள்ள நாற்றுப் பண்ணைகளில் தேவையை விசாரித்த பின், முதலில் 50 தொட்டிகளோடு தொடங்கி, விற்பனையைப் பொறுத்துப் பெருக்குவதே சிறு விவசாயிகளுக்கு நல்லது.