மாலத்தீவுக்கு நம்மால போக முடியுமா? பட்ஜெட் போடும் முன் இதைப் படிங்க!

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் இருந்து காய்கறி, கட்டுமானப் பொருட்களை ஏற்றிக்கொண்டு தோணிகள் போகிற நாடுதான் மாலத்தீவு. நம்ம ஊரில் குழம்புக்குப் போடும் மாசிக் கருவாட்டுக்குப் பேர் போன இடமும் அதுதான்.

ஆனாலும் மாலத்தீவு என்று சொன்னதும், "அதெல்லாம் சினிமாக்காரங்க போற இடம்... நமக்கு எதுக்கு?" என்று ஒதுங்கி விடுகிறோம்.

இதில் பாதி உண்மை. மீதி பாதி என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ரிசார்ட் வேறு... ஊர் வேறு!

மாலத்தீவில் சுமார் 1,190 தீவுகள் இருக்கின்றன. இதில் மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில்தான். வேறு பல தீவுகளில், தீவுக்கு ஒன்று என்று ரிசார்ட் கட்டி வைத்திருக்கிறார்கள். நடிகர், நடிகைகள் போட்டோ போடுவது அங்கே இருந்துதான்.

1972-ல் சுற்றுலா தொடங்கியது முதல் நீண்ட காலம் வெளிநாட்டுக்காரர்களை ரிசார்ட் தீவுகளில்தான் தங்க வைத்தார்கள். 2009-க்குப் பிறகுதான் மக்கள் வசிக்கும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த அனுமதி கிடைத்தது. நம்மைப் போன்றவர்களுக்கு கதவு திறந்தது அப்போதுதான்.

மாபுஷி, குல்ஹி, துலுஸ்தூ போன்ற தீவுகளில் இன்று விடுதிகள் நிறைய. அதே நீலக் கடல்... அதே வெள்ளை மணல். வாடகைதான் வேறு.

விசாவுக்கு பைசா கிடையாது

இந்தியர்களுக்கு மாலத்தீவில் இறங்கியதும் சுற்றுலா விசா இலவசம். பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட், ரூம் புக் செய்த ரசீது, செலவுக்குப் பணம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் 6 மாதத்துக்காவது செல்லுபடியாகிற மாதிரி பார்த்துக்கொள்வது நல்லது.

10-ம் வகுப்பு பாஸ் பண்ணாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்று இருக்கும். அதை நினைத்து பயப்பட வேண்டாம். அந்தக் கட்டுப்பாடு குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். அந்தப் பட்டியலில் மாலத்தீவு இல்லை.

விமானம் ஏறுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற ஆன்லைன் படிவத்தை நிரப்ப வேண்டும். இதுவும் இலவசம்தான்.

உஷார்... உஷார்!

அந்தப் படிவத்தின் பேரிலேயே போலி இணையதளங்கள் இருக்கின்றன. அச்சு அசலாக அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும். கடைசியில் கார்டு நம்பர் கேட்டு பணம் பறித்து விடும். காசு கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. "டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே போனதும் வேலை போட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுற்றுலா விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். வேலைக்கு முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும்.

எங்கே இருந்து ஏறுவது?

தோணி போகிறதே, பயணிகள் கப்பல் இல்லையா என்று கேட்கலாம். கிடையாது. விமானம் மட்டும்தான்.

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு திருவனந்தபுரம் பக்கம். அங்கிருந்து மாலத்தீவு தலைநகர் மாலே சுமார் 600 கி.மீ. தூரம்தான். சென்னையில் இருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 1,200 கி.மீ. கொச்சி, பெங்களூரு டிக்கெட் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரெயில் டிக்கெட் காசு போக மிச்சம் வருகிறதா என்பதுதான் கணக்கு.

பணம் ஓட்டை விழுவது இங்கேதான்!

டிக்கெட், ரூம் வாடகை இரண்டையும் கூட்டி "இவ்வளவுதானா?" என்று கிளம்புகிறவர்கள்தான் அங்கே போய் முழிக்கிறார்கள். ஏன்? வரி!

ஒரு பேச்சுக்கு, ஒரு இரவுக்கு 50 டாலர் வாடகையில் கணவன், மனைவி 3 இரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம்.

* 3 இரவு வாடகை: 150 டாலர்
* சர்வீஸ் சார்ஜ் வழக்கமாக 10 சதவீதம்: 15 டாலர்
* இரண்டும் சேர்த்து 165 டாலர். அதன் மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி. 17 சதவீதம்: சுமார் 28 டாலர்
* பசுமை வரி, தலைக்கு ஒரு இரவுக்கு 6 டாலர் வீதம்: 36 டாலர்

மொத்தம் 229 டாலர்! 150 என்று நினைத்தது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். இந்த ஜி.எஸ்.டி. 2025 ஜூலையில்தான் 17 சதவீதம் ஆனது.

பசுமை வரி 6 டாலர் என்பது ஊர்த் தீவுகளில் 50 அறைக்கு மிகாத விடுதிகளுக்கு. ரிசார்ட்டில் இரட்டிப்பாக 12 டாலர்.

அதனால் ரூம் போடும்போதே "வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புறப்பாட்டு வரியும் உண்டு. 2024 டிசம்பர் முதல் சாதாரண வகுப்புக்கு 50 டாலர். விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் தனி. இரண்டுமே டிக்கெட்டில் சேர்ந்து வந்துவிடும். டிக்கெட் விலை ஏன் அதிகம் என்பதற்கு இதுதான் பதில்.

படகுதான் பஸ்!

விமான நிலையமே தனித் தீவில் இருக்கிறது. 2018-ல் திறந்த பாலம் வழியாக டவுன் பஸ்சில் மாலேவுக்குப் போய்விடலாம்.

அங்கிருந்து மாபுஷிக்கு அரசுப் படகில் சுமார் ஒன்றரை மணி நேரம். கட்டணம் சில டாலர்தான். ஸ்பீடு போட் என்றால் அரை மணி நேரத்தில் போகலாம்... ஆனால் காசு பல மடங்கு. ரிசார்ட்டுக்குப் போகும் கடல் விமானத்துக்கோ நூற்றுக்கணக்கில் டாலர் வேண்டும்.

ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அரசுப் படகு ஓடாது. மற்ற நாட்களிலும் அடிக்கடி படகு இருக்காது. முதலில் படகு நேரம் பாருங்கள், பிறகு விமான டிக்கெட் போடுங்கள். மாற்றிச் செய்தால் மாலேயில் ஒரு ராத்திரி வாடகை தண்டம்.

சாப்பாடு எப்படி?

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு கவலை இல்லை. காலையில் 'மஸ் ஹுனி'. சூரை மீனை உதிர்த்து தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். ஊர்க்காரர்கள் போகும் டீக்கடைக்கு 'ஹொட்டா' என்று பெயர். அங்கே சாப்பிட்டால் செலவு குறைவு.

காய்கறி பெரும்பாலும் வெளியில் இருந்து வருவதால் விலை கூடுதல். சைவக்காரர்கள் முன்கூட்டியே விடுதியில் சொல்லி வையுங்கள்.

இதெல்லாம் கூடாது!

மாலத்தீவு இஸ்லாமிய நாடு. பாட்டில் எடுத்துப் போனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஊர்த் தீவுகளில் மது கிடையவே கிடையாது. பன்றி இறைச்சிக்கும், வழிபாட்டுக்கான சாமி சிலைகளுக்கும் தடை. பையில் குட்டி பிள்ளையார் வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

நீச்சல் உடைக்கு என்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். மற்ற இடங்களில் உடம்பை மூடிய உடைதான். ரம்ஜான் மாதத்தில் பகலில் ஓட்டல்கள் மூடியிருக்கும்.

எப்போது போகலாம்?

டிசம்பர் கடைசியில் இருந்து ஏப்ரல் வரை வெயில் சீசன். கூட்டமும் அதிகம், விலையும் அதிகம். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், வாடகை இறங்கும். ஆனால் காற்று பலமாக இருந்தால் படகு நின்றுவிடும். திரும்புகிற நாளுக்கு முந்தின நாளே மாலே வந்துவிடுவது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அன்றைய டாலர் விலையில் பெருக்கிப் பாருங்கள். கட்டுபடியானால் கிளம்புங்கள். ஆகாவிட்டால் கடன் வாங்கிப் போக வேண்டாம். மாதம் கொஞ்சம் சேர்த்து அடுத்த வருடம் போகலாம். கடல் எங்கேயும் போய்விடாது!