நொண்டும் கோழி நேராகக் குழம்புக்குத்தான் போக வேண்டுமா?

பொழுது சாயும் நேரம் கூடாப்புக்குத் திரும்பும் கோழிகளில் ஒன்று மட்டும் பின்தங்கி வருகிறது. ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைக்கிறது. மேலூர் பக்கமோ உசிலம்பட்டி பக்கமோ, இதைப் பார்த்ததும் வீட்டில் யாராவது ஒருவர் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "சீக்கு விழுறதுக்குள்ள அடிச்சுக் குழம்பு வச்சிருவோம்."

பல வீடுகளில் கோழி என்பது பெண்களின் சிறுவாட்டுக் காசு. ஒரு நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும். அடையில் உட்கார்ந்தால் ஒரே ஈட்டில் பத்துக் குஞ்சுகளாவது இறக்கும். காலில் முள் குத்திய கோழியை அறுத்தால் அந்த வருமானமும் ஒரு வேளைக் குழம்போடு முடிந்துவிடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'ஆடுகளம்' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டுச்சேவலுக்குக் காலில் சின்னக் கீறல் என்றாலும் ஒத்தடம், மருந்து, தனிக் கவனிப்பு எல்லாம் நடக்கும். முட்டையிடும் பெட்டைக்கு அதில் கால்வாசிகூடக் கிடைப்பதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நொண்டுகிற கோழியெல்லாம் அடிபட்ட கோழி அல்ல. நோயால் கால் இழுத்துக்கொண்ட கோழியை, "எங்கயோ அடிபட்டிருக்கும்" என்று மற்றவற்றோடு விட்டுவைத்தால் கூடாப்பே காலியாகிவிடலாம்.

காலைப் பார்க்கும் முன்

முதலில் மற்ற கோழிகளையும் எச்சத்தையும் பார்க்க வேண்டும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறதா, கழுத்து திருகுகிறதா, இறக்கை தொங்குகிறதா, இரண்டு மூன்று கோழிகள் ஒரே நேரத்தில் சுணங்குகின்றனவா? இதெல்லாம் வெள்ளைக்கழிச்சலின், அதாவது ராணிக்கேட் நோயின் அடையாளங்கள். இந்த நோயிலும் கால் விளங்காமல் போகும். இதற்குத் தடுப்பூசிதான் வழி; வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் பிப்ரவரி மாதம் நடக்கும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் இதற்காகத்தான்.

இளங்கோழி ஒன்று ஒரு காலை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் நீட்டிப் படுத்திருந்தால் அது மாரெக் நோயாக இருக்கலாம். ஹங்கேரியின் கால்நடை மருத்துவர் யோசெப் மாரெக் 1907-ல் விவரித்த நோய் இது. வைரஸ் நரம்பைத் தாக்குவதால் வரும் வாதம், எந்தக் கட்டுப்போட்டாலும் சரியாகாது. முட்டை அடைத்துக்கொண்ட பெட்டையும் நடக்க முடியாமல் நிமிர்ந்து நின்று முக்கும். கூடாப்பின் இடுக்குகளில் பகலில் ஒளிந்து இரவில் கடிக்கும் கோழி உண்ணிகளாலும் கால் சோர்ந்துபோகலாம்.

இப்படி எதுவும் இல்லாமல், நன்றாக மேய்ந்துகொண்டு, ஒரு காலை மட்டும் ஊன்றாமல் இருந்தால் அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

உள்ளங்காலில் ஒரு கறுப்புப் பொட்டு

கோழியை விரட்டிப் பிடிக்கக் கூடாது. நொண்டும் காலோடு ஓடவிட்டால் காயம் பெரிதாகும். இருட்டிய பிறகு கோழி அசையாது. அப்போது மெதுவாகத் தூக்கி, துண்டில் சுற்றி மடியில் வைத்து, செல்போன் வெளிச்சத்தில் இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நெஞ்சை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சே.

மதுரை வட்டாரத்தில் முதல் சந்தேகம் சீமைக் கருவேல முள் மீதுதான் விழ வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்காகப் போன அந்த மரம் கண்மாய்க்கரையிலும் தரிசிலும் இன்னும் நிற்கிறது, கோழி மேயும் இடமும் அதுதான். முள் முனை தெரிந்தால் சுத்தமான இடுக்கியால் நேராக இழுத்து எடுத்து, உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவி, போவிடோன் அயோடின் தடவினால் பெரும்பாலும் போதும்.

கவனிக்காமல் விட்டால் அந்தத் துளை வழியாகக் கிருமி உள்ளே போய் உள்ளங்கால் உருண்டையாக வீங்கும். நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு, பார்க்கக் கால் ஆணி மாதிரியே இருக்கும். ஆங்கிலத்தில் 'பம்பிள்ஃபுட்' என்கிறார்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் வகைக் கிருமிதான் பெரும்பாலும் காரணம். கரடுமுரடான சிமெண்டுத் தரை, ஈரச் சாணம், உயரமான பரணிலிருந்து குதிப்பது எல்லாம் இதற்கு வழி விடும். கோழியின் சீழ் நம்முடையதைப் போலத் தண்ணீராக வராது, பன்னீர்க்கட்டி போலக் கெட்டியாக இருக்கும். அதனால் பிதுக்கினால் வெளியே வராது, உள்ளேதான் பரவும். வீக்கம் சின்னதாக இருக்கும்போதே தினமும் வெந்நீரில் ஊறவைத்து, மருந்திட்டு, துணி சுற்றி, மெத்தென்ற வைக்கோலில் விடலாம். பெரிதாகிவிட்டால் மருத்துவர்தான் கீறி எடுக்க வேண்டும்.

நகருக்குள், மாடியிலும் சந்திலும் கோழி வளர்ப்பவர்கள் தேட வேண்டியது வேறு: தலைமுடிச் சிக்கு, தையல் நூல், மாஞ்சா நூல். விரலில் சுற்றிய ஒரு முடி கோழி நடக்க நடக்க இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரலையே அறுத்துவிடும். பாரிஸ் நகரப் புறாக்கள் ஏன் விரலிழந்து திரிகின்றன என்று ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, முடிதிருத்தும் கடைகள் அதிகமுள்ள பகுதிகளில் இது கூடுதல் என்று காட்டியது. வீங்கிய விரலில் நூல் வெளியே தெரியாது, வரிபோல ஒரு பள்ளம்தான் தெரியும். நகக் கத்தரியின் முனையால் வெட்டி எடுக்கலாம்.

எலும்பு முறிந்தால்

கால் துணிபோலத் தொங்கி ஆடினால் எலும்பு முறிந்திருக்கிறது. பைக் மோதியது, நாய் கவ்வியது, கதவிடுக்கு எனக் காரணம் பல. சந்தையிலிருந்து கால்களைக் கட்டித் தலைகீழாக வண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுவருவதும் மூட்டைப் பிசகச் செய்யும். அது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவிலும் வரக்கூடிய செயல்.

நம்பிக்கை தரும் விஷயம், கோழிக்கு எலும்பு வேகமாகக் கூடும். நேராக வைத்துக் கட்டினால் மூன்று வாரத்தில் ஊன்றத் தொடங்கிவிடும். இறகில்லாத கீழ்க்காலில் முறிந்திருந்தால் பஞ்சு சுற்றி, இரண்டு பக்கமும் ஐஸ் குச்சி வைத்து, மருந்துக்கடை டேப்பால் கட்டலாம். விரல்கள் வெளியே தெரிய வேண்டும். காலையும் மாலையும் தொட்டுப் பார்த்து, குளிர்ந்தோ வீங்கியோ இருந்தால் உடனே அவிழ்த்துத் தளர்த்த வேண்டும். உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் போடும் கட்டில் ஆபத்து இங்கேதான்: காய்ந்து இறுகிய பிறகு உள்ளே வீங்கினாலும் அது இடம் கொடுக்காது. தொடை எலும்பு முறிவுக்கும், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்ததற்கும் வீட்டில் கட்டுப்போட முயல வேண்டாம்.

அடிபட்ட இடம் ஓரிரு நாளில் பச்சையாகும். அழுகிவிட்டது என்று பயந்து அறுத்துவிடுகிறார்கள். கோழிக்கு ரத்தக்கட்டு பச்சை நிறத்தில்தான் கரையும். கறுத்து, சில்லிட்டு, நாற்றம் வந்தால்தான் அழுகல்.

மனிதர் மாத்திரை வேண்டாம்

வலிக்கிறதே என்று வீட்டில் கிடக்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது கோழியைக் கொல்வதற்குச் சமம். சிறுநீரகம் பழுதாகிவிடும். கழுகுகள் அழிந்ததால் 2006-ல் இந்தியா கால்நடைகளுக்குத் தடை செய்த அதே மருந்து இது. மண்ணெண்ணெய், வண்டி ஆயில் தடவுவதும் தோலை வேக வைக்கும். செதில் தூக்கிச் சொரசொரப்பான கால்களுக்கு, அதாவது செதில் பூச்சிக்கு, வேப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ சில வாரம் விடாமல் தடவினாலே பூச்சி மூச்சு முட்டிச் சாகும். ஆன்டிபயாடிக் மருத்துவர் சொன்னால் மட்டும். அப்போதும் முட்டையையும் கறியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்தைவிட முக்கியம் ஓய்வு. காயமும் ரத்தமும் கண்டால் கூட இருக்கும் கோழிகளே கொத்திவிடும். பஞ்சாரம் கவிழ்த்து, உள்ளே உமியோ வைக்கோலோ போட்டு, தண்ணீரும் குருணையும் அலகுக்கு எட்டும் தூரத்தில் வைக்கலாம். மற்றவை கண்ணில் படும் இடமாக இருந்தால் தனிமையில் சுணங்காது, திரும்பச் சேர்க்கும்போது சண்டையும் குறையும். சித்திரை வெயிலில் நிழல் கட்டாயம். ஈ மொய்க்காமல் பார்க்க வேண்டும், புண்ணில் புழு வைத்தால் தாமதிக்கக் கூடாது.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கோழிக்கும் பார்ப்பார்கள், மாட்டுக்கு மட்டும்தான் என்று தயங்க வேண்டியதில்லை. நகரில் தல்லாகுளம் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான இலவச எண் 1962.

பஞ்சாரத்திலிருந்து விடும் நாளில் முதலில் ஒரு மணி நேரம் மட்டும் மேயவிட்டு, மறுநாள் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். பரணை முழங்கால் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டால், காலில் முழு வலு வரும்வரை அதுவே ஏறி இறங்கிக்கொள்ளும்.