களைக்கொட்டுத் தழும்பு

கடவுள் தம்மை அழைப்பார் என்று நம்புகிறவர்களில் பலர், அந்த அழைப்பு வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு வரச் சொல்லும் என்றே எண்ணுகிறார்கள். கனவோ அசரீரியோ வரும் என்று காத்திருந்தே ஆயுள் கழிந்துவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் இரண்டு ஆழ்வார்களான பெரியாழ்வார், அவர் மகள் ஆண்டாள் ஆகியோரின் கதையைப் படித்தால் வேறு விதமாகத் தெரிகிறது. அங்கே அழைப்பு அன்றாட வேலைக்குள்ளேயே வருகிறது. கனவுகள் அந்தக் கதையிலும் உண்டு; ஆனால் அவை, ஏற்கெனவே ஒரு வேலையில் ஊன்றி நின்றவர்களைத்தான் தேடி வருகின்றன.

பெரியாழ்வார் ஆவதற்கு முன்பு விஷ்ணுசித்தர் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்தவர். அந்தத் தொண்டை அவர் எப்படித் தேர்ந்தார் என்று குருபரம்பரை நூல்கள் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது. கண்ணன் மதுரா நகருக்குப் போனபோது பூமாலை கட்டுபவரின் வீட்டுக்குத் தானே சென்று மாலை வாங்கிக்கொண்டான். ஆகவே மாலைதான் அவனுக்கு உகப்பு என்று இவர் முடிவு கட்டினார். எந்தக் குரலும் கேட்கவில்லை. தெரிந்த கதையிலிருந்து யோசித்துக் கண்டுகொண்டார். பிறகு பாண்டியன் வல்லபதேவனின் சபைக்குப் போய்ப் பரம்பொருள் எது என்று வாதிடும்படி பெருமாள் கனவில் சொன்னபோது அவர் தயங்கினார். களைக்கொட்டுப் பிடித்துத் தழும்பேறிய கையைக் காட்டியா பரிசான பொற்கிழியை அறுப்பது என்று கேட்டாராம். போனார், வென்றார், யானைமேல் ஊர்வலம் வந்தார். வானில் தோன்றிய பெருமாளிடம் வரம் கேட்காமல் அவனுக்கே பல்லாண்டு பாடினார். பின் ஊர் திரும்பிப் பழையபடி பூக்குடலையைத் தூக்கினார். எனக்கு இந்தக் கதையில் வெற்றியைவிடப் பெரிதாகப்படுவது இந்தத் திரும்புதல்தான். இவை ஆவணங்கள் அல்ல, மரபு சொல்லும் செய்திகள் என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு சமூகம் எதை அழைப்பு என்று கருதியது என்பதற்கு அது தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதையைவிட நல்ல சான்று கிடைக்காது.

இன்னொரு மறுப்பு கடினமானது. தன் ஆசையையே கடவுளின் குரல் என்று ஒருவர் நம்பிவிட மாட்டாரா? ஆண்டாள் கதை இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. பெருமாளுக்குரிய மாலையை மகள் சூடிப் பார்த்தாள் என்று தெரிந்ததும் பெரியாழ்வார் அதைக் குற்றமாகவே எடுத்துக்கொண்டு அந்த மாலையை ஒதுக்கினார். அவள் சூடியதுதான் வேண்டும் என்று பெருமாள் உணர்த்திய பிறகே மனம் மாறினார். கைங்கரியத்திலேயே வாழ்ந்தவருக்கும் அழைப்பு உடனே பிடிபடவில்லை. விவிலியத்தில் சிறுவன் சாமுவேல், கடவுள் அழைத்ததைக் குருவான ஏலியின் குரல் என்று நினைத்து மூன்று முறை அவரிடம் ஓடுகிறான். ஏலிதான் அவனுக்கு விளங்கவைக்கிறார். தனியாக இருந்து தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாமல் இருப்பது முதல் காப்பு. இரண்டாவது காப்பு ஆண்டாளின் திருப்பாவையில் இருக்கிறது. அதன் முப்பது பாசுரங்களில் ஆறு முதல் பதினைந்து வரையிலான பத்தும் தூங்கும் தோழியரை எழுப்புவதற்கே செலவாகின்றன. மூன்றில் ஒரு பங்கு! கண்ணனிடம் போகும் அவசரத்திலும் ஒருத்தியையும் விட்டுவிட்டுப் போக எழுப்பும் பெண்களுக்கு மனமில்லை. இருபத்தொன்பதாம் பாசுரத்தில், நோன்புக்குரிய பறை வாங்குவதற்காக மட்டும் வரவில்லை, எப்பிறவியிலும் உனக்குப் பணி செய்வதே வேண்டும் என்ற கருத்தைச் சொல்லிவிடுகிறார்கள். தனக்கு மட்டும் லாபம் தருகிற, அடுத்த வீட்டாரை மறக்கச் சொல்கிற குரல் வந்தால் சந்தேகிக்கலாம்.

இந்த அழைப்பு இன்றைய வேலைகளுக்கும் பொருந்தும். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். முகம் தெரியாத ஒருவரின் காயத்தைக் கட்டப்போகும் துணியைப் பழுதில்லாமல் நெய்வது பூத்தொடுப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்த தொண்டல்ல. ஆனால் இந்தப் பேச்சைத் தொழிலாளியின் வாயை அடைக்கவும் பயன்படுத்த முடியும்: உன் வேலையே வழிபாடு, கூலி உயர்வு கேட்காதே என்று. அதை நான் முழுவதுமாக மறுக்கிறேன். விதித்த இடத்தில் அடங்கிக் கிடக்கச் சொல்வது அந்த மரபின் குரல் அல்ல. மானிடருக்கு மணம் பேசினால் வாழமாட்டேன் என்று ஊர் வழக்கத்தை எதிர்த்து நின்றவள் ஆண்டாள். தீண்டாமையால் ஆற்றின் மறுகரையில் நின்ற திருப்பாணாழ்வாரைத் தோளில் சுமந்து வரும்படி கோயில் அர்ச்சகரான லோகசாரங்க முனிவருக்கு அரங்கன் கட்டளையிட்டதாக அதே குருபரம்பரை சொல்கிறது. அங்கே அழைக்கப்பட்டவர் பாணர் மட்டுமல்லர். மேலே நின்றவர் குனிய வேண்டியிருந்தது. அப்படியானால் கூலிக் கணக்கை எழுதுகிறவருக்கும் ஓர் அழைப்பு உண்டு, அது அந்தக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

வசதியும் பதவியும் உள்ளவர் அந்த அழைப்புக்கு எப்படிப் பதில் சொல்லலாம் என்பதற்கு ராஜபாளையத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தம் சொந்த வீட்டையே அவர் பொதுவுக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம்.