ஒரே பதிவு எண், நாட்டுக்கொரு வரைபடம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏதேனும் ஒரு நாட்டில் பதிவு செய்துகொண்டால் 27 நாடுகளிலும் தடையின்றி ட்ரோன் பறக்கவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. 2020 டிசம்பர் 31 முதல் நடப்பிலிருக்கும் ஒன்றிய விதிமுறை, இயந்திரத்துக்கும் அதை இயக்குபவருக்குமான ஒழுங்கைப் பொதுவாக்கியிருக்கிறது. பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவர் தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ட்ரோன் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். இயக்குபவருக்கு 40 கேள்விகள் கொண்ட இணையவழித் தேர்வு. அதில் 75 விழுக்காடு பெற்றால் கிடைக்கும் சான்றிதழ் எல்லா உறுப்பு நாடுகளிலும் ஐந்தாண்டுகள் செல்லும். இந்தியாவில் பெற்ற பைலட் சான்றிதழை அங்கே ஏற்பதில்லை என்பதால், நம்மூரிலிருந்து போகிறவரும் முதலில் பறக்கவிடப்போகும் நாட்டில் பதிவு செய்து இந்தத் தேர்வை எழுத வேண்டும். இரண்டு நாடுகளில் பதிவு செய்யக் கூடாது.

ஆனால் எங்கே பறக்கலாம் என்பதை இதே விதிமுறையின் 15ஆம் பிரிவு அந்தந்த நாட்டின் பொறுப்பில் விட்டிருக்கிறது. ரைன் ஆற்றின் இரு கரைகளிலும் இது கண்கூடு. மேற்கே பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில், ஊருக்குள் பொது இடங்களுக்கு மேல் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட முடியாது. கிழக்கே ஜெர்மனியின் கேல் நகரில் 250 கிராமுக்குக் குறைவான ட்ரோனுக்கும் காப்பீடு கட்டாயம். வீட்டு மனைகளுக்கு மேல் சம்மதமின்றித் தாழப் பறக்க முடியாது. பாலம் கடந்தால் சட்டம் மாறுவது பயணிக்கு வீண் தொல்லைதானே, பிரசல்ஸே ஒரே வரைபடம் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். ஒரு கிலோ எடையுள்ள பொருள் தலையில் விழுந்தால் பாரிஸிலும் பிராகிலும் காயம் ஒன்றுதான். ஆகவே எடைக்கும் உயரத்துக்கும் பொது அளவு பொருந்துகிறது. கீழே சிறைச்சாலை இருக்கிறதா, பறவைகள் குஞ்சு பொரிக்கும் சதுப்பு நிலம் இருக்கிறதா என்பதை அந்த மண்ணை ஆள்பவரே அறிவார். குறை அதிகாரத்தைப் பகிர்ந்ததில் இல்லை. தடைப் பகுதிகளை ஒரே டிஜிட்டல் வடிவில் வெளியிட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இன்றும் பயணி நாட்டுக்கு நாடு வெவ்வேறு தளங்களைத் தேடி அலைகிறார் என்பதே நியாயமான புகார்.

சிறிய ட்ரோனுக்கு இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. விற்பனையாளர்கள் 249 கிராம் என்று பெரிதாக அச்சடிப்பதால் எழும் தவறான நம்பிக்கை இது. எடை குறைந்தால் தேர்வு வேண்டியதில்லை, அவ்வளவுதான். விளையாட்டுப் பொம்மையாக இல்லாமல் கேமரா பொருத்தியிருந்தால், ஆட்களைப் படமெடுக்க முடியும் என்ற காரணத்தாலேயே பதிவு கட்டாயம். தடைப் பகுதி பெரும்பாலும் எல்லா எடைக்கும் தடைப் பகுதியே.

ஒன்றியத்தின் எல்லையையும் பயணத்தின் எல்லையையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது. உறுப்பு நாடாக இல்லாத சுவிட்சர்லாந்து 2023 ஜனவரி முதல் இவ்விதிகளை ஏற்றிருக்கிறது. பிரிட்டனோ தனி வழியில் போகிறது. அங்கே ஒன்றியத்தின் பதிவு எண் செல்லாது. 2026 ஜனவரி முதல் 100 கிராம் எடையுள்ள கேமரா ட்ரோனுக்கே தேர்வும் பதிவும் வேண்டும்.